அப்பாவின் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவள்

எண்ணெயை நிறைய விட்டால் எஞ்சின் நன்றாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அச்சின் இரண்டு முனையிலும் ஊசியால் ஒரு சொட்டு, பல்சக்கரத்தில் கடுகளவு கிரீஸ், அவ்வளவுதான். மிஞ்சினால் மோட்டாருக்குள் தெறித்துவிடும். இருபது வருடமாகத் தையல் மெஷின் பழுதுபார்க்கிறவளுக்கு பொம்மை ரயில் எஞ்சின் பெரிய வித்தை இல்லை.

உள்ளங்கையில் அடங்கும் அந்த எஞ்சின் அப்பாவுடையது. என்னைவிட வயதில் மூத்தது. அப்பா வாதம் வந்து படுத்து நான்கு வருடம். பேச்சு நின்றுவிட்டது. துடைத்ததும், புரட்டிப் படுக்க வைத்ததும், சாப்பாட்டை மசித்து ஊட்டியதும் நான்.

வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பிய தம்பி, பரணிலிருந்து எஞ்சினை இறக்கினான்.

"அக்கா, இத கொஞ்சம் ஓட வச்சுக் குடேன்."

பழைய கிரீஸ் மெழுகாய் இறுகியிருந்தது. பல்குச்சியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டித் துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். கட்டிலருகே மேசையில் தண்டவாளத்தை வட்டமாக மாட்டித் தம்பி ஓட்டினான். அப்பா தலையைத் திருப்பினார். நான்கு வருடத்தில் முதல் பேச்சு வந்தது.

"எம் புள்ள."

"அக்காதாம்ப்பா சரி பண்ணிக் குடுத்தா" என்றான் தம்பி. அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ரயில் ஓடினால்தான் வாயைத் திறப்பார். அதையும் தம்பி ஓட்ட வேண்டும். ஒருநாள் அவன் வெளியே போயிருந்தபோது நான் ஓட்டிப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். எனக்கு வயிறெரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

வாராவாரம் எண்ணெய் போடுவது என் பொறுப்பு. அந்த வாரம் கிரீஸுக்குப் பதிலாக, மோட்டார் பட்டறையில் வால்வு தேய்க்கிற பசையை வைத்தேன். பார்வைக்கு கிரீஸ் மாதிரியே இருக்கும், உள்ளே கல்தூள். சில நாளில் எஞ்சின் கிறீச்சிட்டு நின்றது. பல்சக்கரத்தில் பல்லே மிச்சமில்லை.

அப்பா சாப்பாட்டை நிறுத்தினார். மூக்கில் குழாய் போடலாம் என்றார் டாக்டர்.

"இந்த வயசுல எதுக்கு டாக்டர் அந்த வதை?" என்றேன். தம்பியும் தலையாட்டினான்.

"புது சக்கரத்துக்குச் சொல்லியிருக்கேன்க்கா. வந்துரும்."

அப்பா சாப்பாட்டை நிறுத்திய நான்காம் நாள் சக்கரம் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். மாட்ட அரைமணி நேரம் போதும். நூல்கண்டு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். தம்பி தினமும் கேட்டான். இன்னும் வரவில்லை என்றேன். பதினோராம் நாள் அப்பா போய்விட்டார்.

டப்பாவிலிருந்து அதை எடுத்தது நீங்கள்தானே, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி ஒரு வாரம் அப்பா என்னை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. தம்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எஞ்சினைச் சரிபண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் அப்பா கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினாராம். தம்பி அப்படிச் சொல்கிறான்.

அவனுக்குப் பொறாமை.