வீடு பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த தண்ணீர்

என்னை எல்லோரும் மண்வெட்டி என்றே கூப்பிடுவார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆற்றங்கரைக் கடைசித் தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில், மகன் மருமகளோடு வசிக்கிறேன். முன்பு மணல் லாரியில் பாரம் ஏற்றும் வேலை செய்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. என் மருமகள் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருப்பது பற்றிப் போலீஸார் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேரும் ஆற்றில் மணல் அள்ளியவர்கள். அந்தக் கூலியில்தான் தெருவில் வீடுகள் எழும்பின. அள்ளி அள்ளி ஆற்றின் அடி கடலைவிடத் தாழ்ந்துபோனதும் கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி வந்து, அதன் பிறகு கிணறுகளில் உப்பு இறங்கி, அதன் பிறகு மரங்கள் பட்டுப்போய், கடைசியில் தெருக்குழாயிலும் உப்புத் தண்ணீரே வந்தது. அதைத்தான் குடிக்கிறோம். பெண்களுக்குப் பிள்ளை தங்குவதில்லை. விஷயம் வெளியே பரவியதிலிருந்து எங்கள் தெருவுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை.

ஆகையால் மாப்பிள்ளை வீடு பார்க்க யாராவது வருவதாக இருந்தால் தெருவே சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்யும். முதல் நாளே சுவரில் உப்புப் பூத்து உதிர்ந்த இடங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்றி மறைத்துவைத்து, வெளியிலிருந்து கேன் தண்ணீர் கொண்டுவந்து குடத்தில் நிரப்புவோம். சோப்பு நுரைக்காவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று கைகழுவும் வாளியிலும் அதையே ஊற்றுவோம். என் மருமகளின் வீட்டார் வந்தபோதும் இப்படித்தான் செய்தோம். கேன்களைத் தூக்கிவந்தது நான். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது, மாதம் நிறைந்த பிறகு அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. நகம் வளர்ந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் இருக்கும் என் தங்கையின் மகனைப் பார்க்க, ஒரு பெண்ணும் அவள் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். காலையில் கேன்களை இறக்கும்போது தெருவில் முடிவெட்டும் கடைக்காரன், "மண்வெட்டிண்ணே, தெனமும் யாராச்சும் பொண்ணு கொடுக்க வந்தா நாமளும் நல்லா குளிச்சுக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தோம். வாழவந்த பெண் ஒருத்தி சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுத்தால் நம்பிக்கை வரும் என்று என் தங்கைதான் மருமகளைக் கூப்பிட்டாள். என் மகன் வேலைக்குப் போயிருந்தான்.

அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு மருமகள் இரண்டு டம்ளர்களோடு வந்து, பெண்ணின் தாய்க்கு முன்னால் வைத்து, "அம்மா, இது உங்களுக்காக வாங்கின தண்ணி. இது நாங்க குடிக்கிறது. உங்க பொண்ணு குடிக்கப்போறதும் இதுதான்" என்றாள். அந்த அம்மாள் இரண்டாவது டம்ளரில் ஒரு வாய் எடுத்து, பிறத்தியார் வீட்டில் துப்பக் கூச்சப்பட்டுச் சற்று நேரம் வாயிலேயே வைத்திருந்து, விழுங்கிவிட்டு, மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். தாய்மாமன் மட்டும் என்னைப் பார்த்து, "பெரியவரே, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவர்கள் வண்டி கிளம்பிய பிறகு என் தங்கை, "உனக்குத்தான் தங்கல, என் வீட்டு வாசலையும் அடைச்சிட்டியேடி" என்று சொல்லி, கையில் இருந்த செம்பால் மருமகளின் தலையில் அடித்தாள். ஒரே அடி. மருமகள் விழுந்து படியில் மோதினாள். அதன் பிறகு என் தங்கையே கீழே உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன் முந்தானையால் அழுத்திப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது மருமகள் என்னிடம், "மாமா, அந்தப் பொண்ணு போயிடுச்சா?" என்று கேட்டாள். "போயிடுச்சும்மா" என்றேன். அதன் பிறகு கண்ணை மூடியவள் இதுவரை திறக்கவில்லை. பிழைப்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை.

அவள் வழுக்கி விழுந்ததாக மற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முடிவெட்டும் கடைக்காரன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, "ஒரே வார்த்தைண்ணே, வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றான். என் தங்கை ஒன்றும் கேட்கவில்லை. "உனக்கு எப்படிப் படுதோ அப்படியே சொல்லுண்ணே" என்றாள். அவள் வழுக்கி விழவில்லை. இனி எங்கள் தெருவுக்கு யாரும் வரமாட்டார்கள். அதற்காக என் மருமகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தங்கையைக் குறை சொல்லவும் வரவில்லை.

சம்பவத்தை நேரில் பார்த்த சிறுபிள்ளைகள் யாராவது உண்டா, பெரியவர்கள் மறைப்பதைச் சில நேரம் பிள்ளைகள் சொல்லிவிடும் என்று கேட்டீர்கள். எங்கள் தெருவில் பிள்ளைகள் இல்லை. அங்கே பிறந்தவர்களில் எல்லோரிலும் இளையவன் என் தங்கை மகன். அவனுக்கு முப்பத்தொன்று.

நான் வாயால் சொன்னதை எழுதியவர் எனக்கு இருமுறை படித்துக் காட்டினார். கூட்டியதும் குறைத்ததும் இல்லை, நடந்தது இதுதான்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)