கூரையில்லாத இடத்தில் ஒரு மேசை

அரிகிருஷ்ணன்: ...அதுக்குத்தான் சொல்றேன் மச்சான். மேசை வெளியிலயும் வரணும்.

ராஜாங்கம்: வேன் மேசை வேனுக்குள்ள இருக்கணும் மாப்ளே. கட்டில வாசல்ல போட்டா அப்புறம் வீடு எதுக்கு?

அரிகிருஷ்ணன்: வெயில் காலத்துல எல்லாரும் வாசல்லதான படுக்கறோம்?

ராஜாங்கம்: நீ படுப்ப. உங்க அரியாங்குப்பத்துக் கொசுவெல்லாம் உன்ன பேர் சொல்லிக் கூப்புடுது. அத வுடு. இந்த இரும்புக் கை ஏன் இம்மாம் நீளம் போவுது? மேசைக்குக் கை வைக்கச் சொன்னேனா, கெணத்துக்கு ஏத்தம் போடச் சொன்னேனா?

அரிகிருஷ்ணன்: தூணு டிரைவர் சீட்டுக்குப் பின்னால நிக்குது. கை அதுல சுத்துது. கை நுனியிலதான் பலகை. குட்டையா வச்சா உங்க தொப்பையில இடிக்கும்.

ராஜாங்கம்: இடிக்கட்டும். தொப்பை என்னுது. நான் கேட்டது என்னா? சாப்புடறப்ப நடுவுல வரணும். வேணாங்கறப்ப ஒரு தள்ளு தள்ளுனா, போயி அந்தாண்டச் செவுத்தோட ஒட்டிக்கணும். கதவுகிட்ட ஒரு சாண் மேசை கூடத் தெரியக் கூடாது. வழி வழியா இருக்கணும்.

அரிகிருஷ்ணன்: ஏறி எறங்கப் போறது நீங்க ஒருத்தரு. எதுக்கு அம்மாம் அகலம்?

ராஜாங்கம்: ஆடு ஏத்தணும்.

அரிகிருஷ்ணன்: என்னாது?

ராஜாங்கம்: ஆடு. இந்த வேன என் தலையில கட்டிட்டுப் போனானே பிரெஞ்சுக்காரன், அவன் அவங்க ஊர்லேர்ந்து ஓட்டிக்கிட்டே வந்தவன். நடுவுல ஒரு பாலைவனம். செம பனி.

அரிகிருஷ்ணன்: பாலைவனத்துல பனியா?

ராஜாங்கம்: அங்கல்லாம் ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்கும். கேளு. ஒரு ஆடு வந்து ரோட்ட மறிச்சிக்கிட்டு நின்னுது. பாவம்னு ஏத்தப் பாத்தான். உள்ள ஒரு மேசை. அது குறுக்க நின்னதுல கொம்பு மாட்டிக்கிச்சி. ஆடு பாதி உள்ள, பாதி வெளிய. அப்பிடியே ஒரு நாட்டு எல்லை வரைக்கும் வந்துட்டான். போலீஸ்காரன் கேக்கறான், இந்த ஆடு எந்த நாட்டுல இருக்குதுன்னு.

அரிகிருஷ்ணன்: ...அப்புறம்?

ராஜாங்கம்: தலைக்கு ஒரு முத்திரை, வாலுக்கு ஒரு முத்திரை. ரெண்டு நாட்டுக்காரனும் குத்தி அனுப்பிட்டான்.

அரிகிருஷ்ணன்: இம்மாம் கதையையும் அவன் உங்ககிட்ட எந்த பாஷையில சொன்னான்?

ராஜாங்கம்: மில்லுல தொரைங்ககிட்ட "வுய் முசே, வுய் முசே"ன்னு அவங்க பாஷையிலயே ஆமாம் போட்டுக் காலம் தள்ளுனவன் நான். மிச்சத்த மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சிக்குவேன்.

அரிகிருஷ்ணன்: சரி, இந்தத் திருகப் புடிங்க. தூணு ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு கொழா. திருகத் தளத்துனா பலகை கீழ எறங்கும். தோ...

ராஜாங்கம்: எறங்குது... எறங்குது... டேய், நிக்குமா, இல்ல ரோட்டுக்குள்ள போவுமா? முட்டிக்குக் கீழ வந்துட்டுதுடா! ஒரு அடி ஒசரத்துல மேசையா? யாரு சாப்புடப் போறது, கோழியா?

அரிகிருஷ்ணன்: சம்மணம் போட்டு ஒக்காந்தா...

ராஜாங்கம்: சம்மணம் போட்டா மேசை எதுக்கு? எல போதாதா?

அரிகிருஷ்ணன்: வண்டித் தரைக்குத்தான் ஒரு அடி. கீழ ரோட்டுலேர்ந்து பாத்தா கரெக்டா இருக்கும்.

ராஜாங்கம்: ரோட்டுலேர்ந்து யாரு பாக்கறா?

அரிகிருஷ்ணன்: ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆமா, வண்டி எங்க போவுது?

ராஜாங்கம்: காசிக்கு.

அரிகிருஷ்ணன்: காசிக்குப் போறவரு காணும் பொங்கலுக்குள்ள முடிச்சிக் குடுன்னு ஏன் என் உயிர வாங்கறீங்க?

ராஜாங்கம்: அன்னிக்கு வடக்க சூலம் இல்ல.

அரிகிருஷ்ணன்: மச்சான்...

ராஜாங்கம்: பேரிங்குக்குக் கிரீஸ் போட்டியா? கறகறங்குது.

அரிகிருஷ்ணன்: வண்டி எங்க ஊரு அரியாங்குப்பத்தத் தாண்டாது. எனக்குத் தெரியும். உங்க தங்கச்சிகூட இத்தினி வருசம் குடும்பம் நடத்தறவன் நான். தையல்நாயகியும் நீங்களும் ஒரே மண்ணுல புடிச்ச பொம்மைங்க. அவளும் இப்பிடித்தான். கொழம்புல உப்பில்லன்னா, ஊர்ல மழை இல்லம்பா.

ராஜாங்கம்: ...நெத்திலி வாங்கி நானே கொழம்பு வைக்கப் போறேன். வண்டியிலயே ஸ்டவ் இருக்குது.

அரிகிருஷ்ணன்: அப்பிடி வாங்க வழிக்கு.

ராஜாங்கம்: நான் சொன்ன சொல்லு என்னா? "உன் வீட்டுக் கூரைக்குக் கீழ இனிமே என் கை நனையாது." அவ சொன்ன சொல்லு என்னா?

அரிகிருஷ்ணன்: "உன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது."

ராஜாங்கம்: சரி. இது யாரு வீடு? கதவு நம்பர் உண்டா? வீட்டு வரி உண்டா?

அரிகிருஷ்ணன்: கூரை இருக்கே, தோ.

ராஜாங்கம்: அது மூடி. டப்பாவுக்கு இருக்கறதப் போயி எவனாவது கூரைம்பானா? உங்க வாசல்ல நிறுத்துவேன். மேசைய நடுவுல திருப்புவேன். அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். அவ சொல்லும் கெடல, என் சொல்லும் கெடல.

அரிகிருஷ்ணன்: இத்தினி வருசம் யோசிச்சா இதக் கண்டுபுடிச்சீங்க?

ராஜாங்கம்: நல்ல யோசனை மெதுவாத்தான் வரும்.

அரிகிருஷ்ணன்: எல்லாம் ஒரு மடிக்காவ...

ராஜாங்கம்: ஒரு மடின்னு லேசா சொல்லாத. உன் பொண்ணு அன்னக்கிளிக்கு நான் ஒரே தாய்மாமன். புள்ளைய என் மடியில ஒக்கார வச்சித்தான் காது குத்தணும். உங்க அண்ணன் மடியில வச்சிட்டீங்களே?

அரிகிருஷ்ணன்: ஆசாரி ஊசியோட ஒக்காந்துட்டாரு. ராகு காலம் பொறக்கப் போவுது. மாமன் எங்க, மாமன் எங்கன்னு ஊரே கேக்குது. நீங்க சீர்த்தட்டோட வந்து நிக்கறப்ப, புள்ள அழுதே முடிச்சிட்டா.

ராஜாங்கம்: ஆத்துப் பாலத்துல ஆனை குறுக்கப் படுத்துக்கிச்சி. நான் என்னா பண்றது?

அரிகிருஷ்ணன்: போன தடவ எருமைன்னீங்க.

ராஜாங்கம்: வருசமாவுதில்ல? வளந்துட்டுது.

அரிகிருஷ்ணன்: அன்னிக்குப் பந்தியில உங்களுக்குப் போட்ட எல அப்பிடியே கெடந்துது மச்சான். அவ எடுக்க வுடல. சாயந்தரம் வரைக்கும்.

ராஜாங்கம்: ...தெரு மொனை வரைக்கும் ஓடியாந்தா. அது உனக்குத் தெரியுமா? கையில ஒரு உருண்டை சோறு. "அண்ணே, ஒரு வாய்... ஒரு வாய்"னுகிட்டே ஓடியாந்தா. திரும்பிப் பாத்தா மனசு மாறிடும்னு, நான் திரும்பல. அதுக்கப்புறந்தான் அவ அந்தச் சொல்லச் சொன்னா. நாந்தான் சொல்ல வச்சேன்.

அரிகிருஷ்ணன்: அப்பல்லாம் நல்லா ஓடுவா...

ராஜாங்கம்: என்னா?

அரிகிருஷ்ணன்: ஒண்ணுமில்ல. ஸ்பேனரக் குடுங்க.

ராஜாங்கம்: ஸ்பேனர் அப்புறம். அந்த ரம்பத்த எடு. கைய அறுத்துக் குட்டை பண்ணிடலாம். இங்க, தோ, இந்த எடத்துல.

அரிகிருஷ்ணன்: வேணாம் மச்சான்.

ராஜாங்கம்: வண்டி என்னுது.

அரிகிருஷ்ணன்: வேல என்னுது. கதவுக்கு வெளிய வந்தா எவ்ளோ சவுரியம் தெரியுமா? காய் அரியலாம். சட்டி பான கழுவலாம். காத்தாட டீ குடிக்கலாம்...

ராஜாங்கம்: சவரம் கூடப் பண்ணிக்கலாம். ரம்பத்தக் குடுடா.

அரிகிருஷ்ணன்: குடுக்க மாட்டேன்.

ராஜாங்கம்: சின்னப் புள்ளையா நீ? முதுவுக்குப் பின்னால ஒளிக்கற?

அரிகிருஷ்ணன்: அறுத்தா வெளிய எட்டாது மச்சான்!

ராஜாங்கம்: எட்ட வேணாம்னுதான அறுக்கறேன்!

அரிகிருஷ்ணன்: எட்டலன்னா அவளால...

ராஜாங்கம்: ...அவளால? சொல்லு மாப்ளே.

அரிகிருஷ்ணன்: அவளால இதுல ஏற முடியாது. ஐப்பசியிலேர்ந்து நாற்காலியிலதான் இருக்கறா. வலது கையும் காலும் வரல. பேச்சு மட்டும் நல்லா வருது... அதுக்கென்னா கொறச்சல். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டா. "எங்கண்ணன் பாவம் பாத்து வரக் கூடாது, தானா வந்தா வரட்டும்"னா. நீங்க மேசை வேணும்னு வந்து நின்னப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தானா வர்றாருன்னு நெனச்சேன். அதான் இப்பிடிப் பண்ணேன். நாற்காலிய வாசல்ல போடறேன். மேசைய வெளிய திருப்பி எறக்குனா அவ நெஞ்சு ஒசரத்துக்கு வரும். நீங்க வண்டிப் படியில ஒக்காந்துக்குங்க. இடது கையால சாப்புடப் பழகிக்கிட்டிருக்கறா. பாதி சிந்தும். கண்டுக்காதீங்க... கோச்சிக்காதீங்க மச்சான். சத்தியம் பண்ணிட்டேன்.

ராஜாங்கம்: ரம்பத்தக் குடு.

அரிகிருஷ்ணன்: இதக் கேட்டும் அறுக்கணுமா?

ராஜாங்கம்: எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரி யாரு வீடும் இல்லியே, அவளச் சேத்த மொத நாளே வந்தேன். நீ டீ வாங்கப் போயிருந்த. கண்ண மூடிப் படுத்திருந்தா. அந்த வராத கையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். இமை அசைஞ்சுது... முழிச்சிக்கப் போறான்னு தெரிஞ்சதும் படியில எறங்கி ஓடிட்டேன். அன்னிக்கு நின்னிருந்தா வேனும் வேணாம், மேசையும் வேணாம். கூரைக்குக் கீழ கை நனையாதுன்னுதான சொன்னேன் மாப்ளே? கால் வைக்க மாட்டேன்னு சொல்லலியே. இத்தினி வருசம் அத கவனிக்காம இருந்துட்டேன் பாரு. என் தங்கச்சிய ரோட்டுல ஒக்கார வச்சி நான் மேல ஒக்காந்து திங்கறதா? உங்க வீட்டுக்குள்ள வந்து, நானே தூக்கிட்டு வந்து ஏத்தப் போறேன். ரெண்டு கையிலயும் அவ இருக்கறப்ப, கதவு வழியில நீட்டிக்கிட்டு நிக்கற மேசைய எந்தக் கையால தள்ளுறது?