இடப்பக்கம் போன பந்து

சிதம்பரம் பேருந்தில் முன்னிருக்கை இளைஞர்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். தவறுதான். முதுநகர் கால்பந்து அணிக்காரர்கள். அன்று அவர்களுக்குச் சிதம்பரத்தில் இறுதி ஆட்டம்.

"குமாரு கோவா டீமுக்குப் போறான்னு வாரம் ஒரு புரளி. கடைசில நெசமாவே தூக்கிட்டானுங்க மச்சான். லெஃப்ட்ல ஆளே இல்ல, தோத்தோம் போ."

"நேத்து பிராக்டீஸ்ல பழக்கதோஷத்துல அவன் பக்கமே பந்தைத் தட்டிட்டேன்டா. காலி எடம். திரும்பி என் காலுக்கே வந்துச்சு."

"செவுத்துல பட்டிருக்கும்."

"அங்க ஏது செவுரு? கடல்தான இருக்கு."

மனதுக்குள் சிரித்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். அப்போது போன் அடித்தது. கோவாவிலிருந்து குமார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஏண்டா, நேத்து அவ்ளோ வேகமாவா தட்டுவ? காலு வீங்கிக் கெடக்கு. இன்னிக்காவது மெதுவா குடு."