மேஜை மேல் நாலு வீதி

– காரு மறுபடியும் வுழுந்துடுச்சு, சபாநாயகம். இதோட ஏழு.

– சாவிய முழுசா முறுக்காதடா பரீது. வேகம் ஜாஸ்தியாவுது.

– பாதி முறுக்குனா நடுவுலயே நின்னுடுது. முழுசா முறுக்குனா மொத முக்குல மூங்கில் பட்டை மேல ஏறித் தரையில குதிக்குது. ஜில்லா போர்டு ஓவர்சீயராச்சேன்னு ஒன்னக் கூப்ட்டேன் பாரு, மச்சான்!

– டேய், நான் போட்ட ரோட்டுல ஒரு லாரி கவுந்ததில்ல. வளைவுல வெளிப்பக்கத்த ஒசத்தணும். மரத்தூளும் கோந்தும் கொழைச்சு ஒசத்தியிருக்கேன். கணக்குல தப்பே இல்ல.

– அப்ப காருக்குப் பேயா புடிச்சிருக்கு?

– மெதுவாப் பேசு. கதவுக்குப் பின்னால ஒம் பொண்ணு நிக்குது.

– மூணு நாளா அங்கதான் நிக்குது. கூப்ட்டா ஓடிடும். பெத்த அப்பன ஒரு தடவகூட "அத்தா"ன்னு கூப்புடல. காலையில அவுங்கம்மாகிட்ட கேக்குது, "அந்தப் பினாங்குக்காரரு எப்பம்மா ஊருக்குப் போவாரு"ன்னு. எனக்கு உசுரே போயிடுச்சு, மச்சான்.

– நீ கப்பலேறும்போது மலிகாவுக்கு ரெண்டு வயசு. ஜப்பான்காரன் வந்தான், லெட்டரும் நின்னுச்சு. அஞ்சு வருசம் கழிச்சு வந்து நின்னா, அதுக்கு ஒன்ன எப்படிடா தெரியும்?

– அதுக்குத்தானே இந்தத் தகரக் காரு ரெண்டும். ஆளுக்கு ஒண்ணு, பந்தயம் வுட்டா பக்கத்துல வரும்னு நெனச்சேன். மாமனாரு துணி வெட்டுற மேஜையக்கூட வாங்கிட்டேன். இதுவும் ஓடலன்னா வியாழக்கிழமை கப்பல்ல திரும்பிடுறேன். அந்தப் புள்ளயாவது நிம்மதியா இருக்கட்டும்.

– ஒளறாத. மொதல்லேருந்து பாக்கலாம். நம்ம சிதம்பரம் மாதிரி நாலு வீதி. கீழ வீதியில கெளம்பி, தெக்கு, மேல, வடக்கு, திரும்ப நெலைக்கு. சரிதானே?

– தேரு போற வழிதானே? அதுல என்னா தப்பு?

– அது அந்தப் பக்கம் ஓடாது.

– யாரு... மலிகாவா பேசுனது?

– நீ திரும்பாத, பரீது. சும்மா இரு. ஏம்மா மலிகா, ஏன் ஓடாது?

– முன் சக்கரம் பீச்சாங்கைப் பக்கமா கோணியிருக்குது. இவுங்க சோத்தாங்கைப் பக்கமே திருப்புறாங்க.

– அட, ஆமாண்டா! ஏழு தடவ கீழேருந்து எடுத்தியே, பாக்கல?

– வீதி போட்ட ஓவர்சீயரே பாக்கல!

– நாம தேரு பாத்து வளந்தவனுங்க. அது கடலூருலயே வளந்த புள்ள, சக்கரத்தப் பாக்குது. ஆனா எதிர்ப்பக்கமா வுடறதுக்கு மனசு ஒப்பலடா.

– காருதான் மச்சான், தேரில்ல. இதோ வுடறேன்... வளைஞ்சுடுச்சு! ரெண்டாவது முக்கு... மூணு... நெலைக்கு வந்துடுச்சுடா! அல்ஹம்துலில்லாஹ்!

– அப்பாடா! இனிமே நான் ஆபீசுல தல நிமுந்து நடப்பேன். அது சரி மலிகா, காரத் தொடாமயே எப்படிம்மா கண்டுபுடிச்ச?

– தொட்டேனே. நீங்க ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போனதும் தெனமும் நாந்தான் பந்தயம் வுடுவேன். சேப்புக் காரு என்னுது. நீலக் காரு அத்தாவுது. அத்தாதான் தோத்துக்கிட்டே இருக்காங்க.