வான்டட்லி

பனகல் பார்க் சிக்னலில் பஸ் நகர்வதாக இல்லை. எனக்கு முன் சீட்டில் ஆபீஸ் விட்டு வரும் இரண்டு பெண்கள்.

“நான் சொன்ன வார்த்தை இங்கிலீஷ்லயே கெடையாதாம்டி.”

“எது?”

“‘வான்டட்லி லேட்டா வரலை சார்’னு மேனேஜர்கிட்ட சொன்னேன். எல்லார் முன்னாடியும் சிரிச்சார். ‘பர்ப்பஸ்லி’ன்னு சொல்லணுமாம். திருப்பிச் சொல்லவெச்சார்.”

“வேணும்னேங்கறதுக்கு நாம எல்லாரும் அதைத்தானே சொல்றோம்?”

“அதான் தப்பாம்.”

“சரி, குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடினதைச் சொன்னியா?”

“ஏன் லேட்டுன்னு அவர் கேக்கவே இல்லையே.”

பஸ் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அடுத்தவள் சொன்னாள்.

“அதுக்குப் பேர்தான்டி வான்டட்லி.”