வினோதாவின் பெயர் ஒட்டிய டப்பா

அந்த டப்பா வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் மருமகள் சரோஜாதேவி, பேத்தி வினோதா, யாழ்ப்பாணத்து டாக்டர் ஆர்த்திகா. வேறு யாரும் இல்லை. டாக்டர் தேநீரை முழுவதும் குடித்தார். எங்கள் வீட்டுத் தேநீரை யாரும் மிச்சம் வைத்ததில்லை.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் கத்தாரில் இருக்கிறான். அவன் இல்லாத வீட்டில் குடும்பத்தின் பேருக்கு நான்தான் பொறுப்பு. விசாரிக்க வந்த நீங்கள் முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வினோதாவுக்குப் பெருங்குடலில் அழற்சி. ரத்தமாகப் போகும். மாத்திரையில் அடங்கியிருந்தது. டாக்டர் அந்த நோயை ஆராய்ச்சி செய்கிறவர். தோட்டங்களில் அது குடும்பவழியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக, வீடு வீடாக மலம் கேட்டு டப்பா கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட வீட்டில வேற ஆருக்கும் இப்பிடி ரத்தம் போறதோ, ஐயா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க வம்சத்துல அப்படி யாரும் இல்லிங்க" என்றேன். எனக்கும் மருமகளுக்கும் நீட்டிய டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தேன். வினோதாவின் டப்பாவை மட்டும் மறுக்க முடியவில்லை. அவளுக்கு மருந்து அந்த டாக்டரிடமிருந்துதான் வந்தது.

"பாத்தீங்களா தாத்தா, என் கக்கூசுக்காக யாழ்ப்பாணத்துலருந்து ஆள் வருது. நீங்க கணக்கப்பிள்ளையா இருந்தப்ப கூட யாரும் இப்படித் தேடி வரல" என்றாள் வினோதா.

"மாமா முன்னால என்னடி பேச்சு இது" என்றாள் அவள் அம்மா. டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்போது தலவாக்கலையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் ஆசிரியர். நோயைப் பற்றி அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. "சொகமாயிருச்சுன்னு டாக்டர் வாயால ஒரு வார்த்தை சொன்னா போதுங்க" என்றார்கள். ஆகவே டப்பாவில் இருப்பது சுத்தமாக இருக்க வேண்டும். வினோதாவின் குடலை நான் நம்பவில்லை. நான் நம்பிய உடம்பு ஒன்றுதான். என் உடம்பில் இதுவரை ஒரு ஊசி ஏறியதில்லை. அவள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டு என்னுடையதை வைத்தேன். சொல்வதற்கு அருவருப்பாக இருக்கிறது. செய்யும்போது அப்படி இருக்கவில்லை.

கிளினிக்குக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன்.

"டப்பாவைச் சோதிச்சதில அழற்சி மோசமாக் கூடிட்டுது. குழாய் விட்டுப் பாக்க வேணும்" என்றார் டாக்டர்.

கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அது முடியாது என்றேன்.

"எனக்கு ஒன்னுமே இல்ல டாக்டர். நல்லாத்தான் போகுது. சத்தியமா" என்றாள் வினோதா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வெக்கத்தில மறைக்கிறாவோ, ஐயா?"

"மறைப்பா. பொட்டப்புள்ளதானே" என்றேன்.

உடம்பின் எதிர்ப்பை அடக்கும் கடுமையான மருந்தை எழுதினார். காய்ச்சல் வந்தால் உடனே கூட்டி வரச் சொன்னார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நோய் இறங்கிய வழி என்று அவர் ஒரு கோட்டை என்னிலிருந்து தொடங்கி, மகன் வழியாக, பேத்தி வரைக்கும் இழுப்பார். என் பெயரை அப்படி ஒரு கோட்டின் தலையில் எழுத நான் யாரையும் விடமாட்டேன்.

மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். "நோயே இல்லாம எதுக்கு தாத்தா மருந்து?" என்று கேட்டாள். டாக்டருக்குத் தெரியாததா என்றேன். விழுங்கினாள். மார்கழிக் குளிரில் சளி பிடித்து நெஞ்சுக்கு இறங்கியது. காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் மறுபடியும் டப்பா கேட்பார். அதனால் கசாயம் வைக்கச் சொன்னேன். கடைசியில் மருமகள் என்னைக் கேட்காமல் ஆட்டோ பிடித்தபோது பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

டாக்டர் தவறான மருந்து கொடுத்தார் என்று முதலில் எழுதினீர்கள். இப்போது டப்பாவில் மிச்சமிருந்ததைச் சோதித்து, அது ஓர் ஆணுடையது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆமாம், என்னுடையதுதான். டப்பாவில் இருந்ததற்கு அவர் கொடுத்த மருந்து சரியானது. அவர் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. என் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த பெண் அவர். பேத்தியைக் கொன்றது நான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் தோட்டத்து லய வீடுகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது, அந்த நோய் எங்கள் வம்சத்தில் என்னிடமிருந்து இறங்கியது என்று. அது பொய். எனக்குப் பல வருஷமாகப் போகிற ரத்தம் வெறும் சூட்டால் போவது.