மருதடிக் குளத்தின் கிழக்கு மூலை

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஆசிரியை கெசியா அம்மா அவர்களே! ஆழ்வார்குறிச்சிச் சுற்று வட்டாரத்திலிருந்து வந்து பந்தலை நிறைத்திருக்கும் பெரியோர்களே! நாற்று நட்ட ஈரம் காயுமுன்னே ஓடிவந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் மடைக்காரன் சொரிமுத்துவின் வணக்கம்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகள் மருதடிக் குளத்தில் முங்கி மடை திறந்தவன் நான். எழுத்தறியேன். ஆனால் எந்த ஆண்டில், எந்தக் கரையில், எந்தச் செடி நின்றது என்று கேளுங்கள், சொல்வேன்.

திங்கட்கிழமை குளத்தை வழிக்க மெசின் வருகிறது. விடலாமா, கூடாதா? அதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம்.

அந்தக் காலத்தில் நான் முங்கினால் காலில் எது தட்டும்? வேலம்பாசி தட்டும். கையில் எது சிக்கும்? கொட்டிச் செடியின் தண்டு சிக்கும். கண் திறந்தால் எது தெரியும்? மடைக்கல்லே தெரியும்! வெயில் அடிமட்டும் இறங்குகிற தண்ணீரில்தான் அடியில் வேர்விடும் செடி வாழும். அந்தச் செடி நின்றால் தண்ணீர் நலம்.

மேலத்தெருச் சாக்கடையைக் குளத்துக்குள் திருப்பியது எப்போது? எண்பத்தொன்பது, பங்குனி மாதம். மறு ஆண்டு மேற்குக் கரையில் கொட்டி இல்லை. மூன்றாம் ஆண்டு அங்கே வேலம்பாசியும் இல்லை. சேறு சேரச் சேர, ஆளுயரச் சம்பைப் புல் வந்தது. அதற்கும் பின்னால், சாக்கடைச் சத்தைத் தின்று கொழுத்து, ஊதாப் பூவோடு அமலைச்செடி, அந்த ஆகாயத்தாமரை, வந்து மிதந்தது. கெசியா அம்மா கயிற்றால் கட்டம் போட்டுக் கட்டம் கட்டமாகச் செடி எண்ணினார்கள். தண்ணீரையும் எடுத்துச் சோதித்தார்கள். அமலை மண்டிய இடம் அழுக்கு, கொட்டி நின்ற இடம் சுத்தம் என்றார்கள்.

என்ன மணிராஜ்? “செடி கெடந்தா கொசுல்லா வருது அண்ணாச்சி” என்கிறீரா? ஏலே, கொசு அமலைக்குள்ள கெடக்கு. கொட்டிக்குள்ள கெண்டைக்குஞ்சு கெடக்கு; கொசுப்புழுவ அது தின்னுதுல்லா? சிரிக்காதீங்க, போய்ப் பாருங்க.

போன முறை மெசின் வந்தபோது நடந்ததை மறந்தோமா? தெப்பத் திருவிழாவுக்குக் குளம் கண்ணாடியாகக் கிடக்க வேண்டும் என்றோம். அமலையை அள்ளிய மெசின், மிஞ்சி நின்ற வேலம்பாசியையும் கொட்டியையும் சேர்த்து அள்ளியது. கரையில் நின்று, “ஒண்ணு விடாம வழிச்சுப் போடுங்கலே” என்று கத்தியவன் யார்? நான்! செடிகளை அறிந்த நானே!

பதினெட்டு நாள் குளம் பளபளத்தது, படம் பிடித்தீர்கள். சாக்கடையோ நிற்கவில்லை; அதன் சத்தை உறிஞ்சச் செடியும் இல்லை. இருபதாம் நாள் தண்ணீரே பச்சையாகத் திரிந்தது. நாற்பதாம் நாள் விடியலில் கெண்டையெல்லாம் வாய் பிளந்து மிதந்தன. இதோ, இசக்கித்தாய் இருக்கிறாள், கேளுங்கள்! அவள் எருமை வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பியது.

இன்று கிழக்கு மூலையில், வாய்க்கால் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில், நாலு பாய் அகலத்துக்குக் கொட்டி மறுபடியும் முளைத்திருக்கிறது. அதுவும் போனால் விதைக்குக்கூட மிஞ்சாது. குளம் கெடுகிறதா, தேறுகிறதா என்று நமக்குக் காட்ட வேறு எது இருக்கிறது?

மெசின்காரர் பெருமாள்ராஜ் எழுந்துவிட்டார். “அப்போ எம் மெசினை எங்கன நிறுத்த?” என்கிறார். சாக்கடை வாயில நிறுத்தும் வே! குளத்துக்கு வெளிய குழி தோண்டும், அழுக்கை அதுல திருப்பும். அமலையை நாங்க கையால அள்ளுதோம்.

சம்மதித்தவர்கள் கை தூக்குங்கள்! கீழத்தெரு தூக்கிவிட்டது. மேலத்தெருவே, ஏன் தயக்கம்? நானும் மேலத்தெருக்காரன்தான். முப்பது ஆண்டுக்கு மேலாக என் வீட்டுக் கழிவும் அந்தச் சாக்கடையில்தான் விழுந்தது. நேற்றுக் குழாயை வெட்டி, கொல்லையில் உறிஞ்சுகுழிக்குத் திருப்பிவிட்டேன்.

அதோ, ஒரு கை. இசக்கித்தாயின் கை. அடுத்து இரண்டு, ஐந்து... மணிராஜும்! போதும் வே, ரெண்டு கையும் வேண்டாம்.

கிழக்கு மூலையில் நாலு கம்பு ஊன்றியிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் அந்தக் கம்புகளைத் தாண்டி மெசினும் போகாது, நானும் போகமாட்டேன். கொட்டி அவற்றைத் தாண்டி வெளியே வரட்டும்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவர் அம்மாவுக்கும் நன்றி கூறி, கும்பிட்டு இறங்குகிறேன். வணக்கம்.